ஈ, கு

ஈ என்று ஒரு மாறி வைத்தேன்.
தமிழில் அதற்கொரு வசதி,
எழுத்தே பூச்சி.
குளவிக்குக் கு.
பின்னட்டையில் மின்கட்டணம் குறித்த நோட்டில்
இரண்டு வரிச் சமன்பாடு.

வேட்டைக்காரன்புதூர் நிறுத்தத்தில் இறங்கி
வாய்க்கால் மேட்டோடு கால் மணி நேரம்.
கிட்டுசாமியின் தோப்பில் நூற்றெழுபது தென்னை.
ஓலைக்கு அடியில் வெள்ளை மாவு,
மேலே கரி.
வெள்ளை ஈ குடித்துக் கழிக்கும் தேன்நீரில்
பூஞ்சை படர்ந்து
கீழே நிற்கும் கோக்கோவும் கறுத்துவிட்டது.
காலையில் வண்டியை நிழலில் நிறுத்தினால்
சாயங்காலம் சீட்டு பிசுபிசுக்கும்.

என் வேலை எண்ணுவது.
மரத்துக்கு நாலு கீற்று,
கீற்றுக்கு ஒரு சாண்,
பத்து மடங்கு காட்டும் லென்ஸ்.
வெளிறிய கூடு என்றால் ஈ வரும்.
கறுத்த கூடு என்றால் உள்ளே குளவி,
கடுகில் பாதிகூட இல்லாதது,
ஈயின் பிள்ளையைத் தின்று முடித்து
வட்டமாய் ஒரு துளை போட்டு வெளியேறும்.
அந்தத் துளையைப் பார்க்கையில் வரும் சந்தோஷத்தை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"மருந்தடிச்சுப்போடட்டுங்களா?"
வாரா வாரம் இதே கேள்வி.
"வேண்டாமுங்க."
"மேக்காலத் தோட்டத்துல அடிச்சுப்போட்டாங்க.
ரெண்டே நாள்ல ஓலை சுத்தமாயிருச்சுங்க."

எப்படிச் சொல்ல அவரிடம்,
சமன்பாட்டைத் தீர்த்தால்
ஈயின் சராசரியில் ஈயே இல்லை என்பதை?
எத்தனை வேகமாய்ப் பெருகுகிறது என்பது
விடையில் எங்குமே வராது.
குளவி எவ்வளவு சீக்கிரம் சாகிறது,
எவ்வளவு கெட்டிக்காரத்தனமாய்த் தேடுகிறது,
முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஈயின் சராசரி.
மருந்துக்கு ஈ, கு பேதமில்லை.
குளவியின் சாவு கூடக்கூட
மேலே இருக்கும் எண் வீங்கும்.
அடித்தவருக்கு ஈ மிஞ்சும்.

ஏழாவது வாரம் மேற்குத் தோட்டத்தில்
அப்படித்தான் ஆனது.
கணக்கு சரி என்று நோட்டில் டிக் போட்டேன்.
வேலிக்கு அந்தப்பக்கம்
அந்த வீட்டுக் கண்ணம்மணி
கோக்கோக் காய்களை ஒவ்வொன்றாய்
ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.
டிக்கை அடிக்கவும் முடியவில்லை.

கணக்கிலும் பிசகு உண்டு.
மழை என்று ஓர் உறுப்பு அதில் இல்லை.
ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு ராத்திரி இறங்கிய மழை
என் நாலு மாத வளைகோட்டை
ஓலையோடு சேர்த்துக் கழுவிவிட்டது.
அப்புறம் பூச்சியம்.
மடிக்கணினியில் ஈ பூச்சியத்தைத் தொடுவதேயில்லை.
ஒன்றாகும், அரையாகும்,
ஆயிரத்தில் ஒரு பங்கு ஈயாகும்,
அந்தப் பங்குக்குக் காலா இறக்கையா தெரியாது,
அதிலிருந்தே தோப்பு நிறைய மறுபடி கிளம்பும்.
பூச்சியத்துக்குள் ஒரு பூச்சி உண்டென்று
தமிழுக்கு முன்பே தெரியும்போல.

போன வெள்ளி, மோட்டார் ரூம் நிழலில்
திரையைத் திறந்து காட்டினேன்.
சிவப்பு ஈ. நீலம் குளவி.
சிவப்பு ஏறும், நீலம் பின்னாலேயே ஏறும்,
சிவப்பு விழும்.
"இங்கதானுங்க இருக்கறோம். இனி எறக்கந்தான்."
சொல்லும்போதே
திரையின் வலது ஓரத்தில்
என் கட்டைவிரல் படுத்திருந்தது.
பொய் சொல்லவில்லை,
விரலை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கிட்டுசாமி கொஞ்ச நேரம் பார்த்தார்.
கொப்பரை விலை ஏறி இறங்கியதை
முப்பது வருசம் பார்த்த கண்.
"அம்மிணி, அந்த வெரலைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தேன்.
சிவப்பு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன்.
"செரி. இது ஏர்றதுக்குள்ள
எத்தனை வெட்டுங்க கெடைக்கும்?"

நேர அச்சில் இருந்த வாரங்களை அழித்துவிட்டு
தேங்காய் வெட்டு என்று எழுதினேன்.
மழையைச் சேர்க்காமல்
அஞ்சு வந்தது.